மாப்பிள்ளை பேரில் ரத்தம்

"கையை இறுக்கி மூடுங்க. இவ்வளவு பெரிய ஆம்பளைக்கு ஊசின்னா இப்படியா வேர்க்கும்?" என்றாள் நர்ஸ்.

டிரைவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். பாதி முகத்துக்கு முகமூடி, புருவம் வரை தொப்பி, நெஞ்சில் மாப்பிள்ளையின் பேட்ஜ். பழத்தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆட்கள் எல்லோருக்குமே இதுதான் கோலம். அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்த முட்டைகள் மாதிரி, எது எந்தக் கோழி போட்டது என்று பெற்ற கோழியே வந்தாலும் சொல்ல முடியாது.

"அவருக்குப் பேரே இரும்பு நர்ஸம்மா. இரும்பு வேர்த்தா துருப்பிடிச்சுடும், சீக்கிரம் குத்தி அனுப்புங்க" என்றான் வரிசையில் பின்னால் நின்ற ரேடியோ. வாய் ஓயாமல் பேசுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும். நர்ஸுக்கும் சூப்பர்வைசருக்கும் மட்டும்தான் தெரியாது.

ஊசி இறங்கியது. சின்னக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏறுவதை டிரைவர் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நிறம், என்ன அழகு. மருந்து வாடை படாத ரத்தம் என்றால் சும்மாவா?

பரிசோதனைக்குக் காரணம் இருந்தது. பூச்சி மருந்து உடம்பில் சேரச் சேர, ரத்தத்தில் ஏதோ ஒரு சத்து இறங்கிக்கொண்டே போகுமாம். ஓர் அளவுக்குக் கீழே போனால் அந்த ஆளை மருந்து வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று விதி. நிறுத்தியவனைக் களை பிடுங்க அனுப்புவார்கள். பாதிக் கூலி. அப்படிப் போனவனை மறுபடி மருந்து வேலைக்குக் கூப்பிட்டதாக அந்தத் தோட்டத்தில் சரித்திரமே இல்லை.

வேன் ஓட்டுகிற டிரைவருக்கு இந்தப் பரிசோதனை கிடையாது. அவர் மருந்தடிக்கிற குழாயைத் தொடுவதில்லை, மருந்து கலக்குவதில்லை. காலையில் ஆட்களை ஏற்றி வந்து இறக்குவார், சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் விடுவார். அதனால்தான் அவர் ரத்தத்துக்கு இத்தனை மவுசு.

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வேனுக்கு வந்தார். டிரைவர் சீட்டில், டிரைவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தான் மாப்பிள்ளை இரும்பு. அவருடைய தங்கையின் புருஷன்.

"முடிஞ்சுதா மச்சான்?"

"முடிஞ்சுது. சட்டையைக் கழட்டு. என் சீட்டுல உட்கார்ந்து என்னமோ கப்பல் ஓட்டுற மாதிரி போஸ் வேற."

"ரத்தம் எப்படி இருந்துச்சு?"

"உன்னோடதுன்னா தார் மாதிரி வந்திருக்கும். என்னோடது, பச்சைப் புள்ளை ரத்தம் மாதிரி வந்துச்சு."

இரும்பு சிரித்தான். சிரிக்கும்போது அவனுடைய இடது கன்னம் தானாகத் துடித்தது. டிரைவர் அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

இரும்பு என்ற பெயர் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் பருவத்தில், மருந்தடித்துவிட்டு வந்த புது ஆட்கள் எல்லோரும் மரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் அவர்கள் சாப்பிடாமல் வைத்த சாப்பாட்டையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தான். அன்றைக்கு விழுந்த பெயர். ஆனால் அந்த இரும்பே போன வருஷம் வரப்பில் குப்புற விழுந்து கிடந்தது. அப்போதுதான் பரிசோதனை வண்டி வருகிறது என்று தகவல் வந்தது. "ஒரே ஒரு தடவை மச்சான்" என்று கெஞ்சினான். ஒரு தடவை என்பது பழக்கமாகிவிட்டது.

பலன் என்னவென்றால், ஒவ்வொரு தடவையும் இரும்பின் ரத்தம் பிரமாதம் என்று முடிவு வந்தது. "தூக்கத்துல கால் வெட்டி வெட்டி இழுக்குது, தலையணை நனையுற அளவுக்கு எச்சில் ஒழுகுது, இந்த வேலை வேண்டாம் விட்டுடு" என்று மன்றாடிக்கொண்டிருந்த தங்கையும் அந்த முடிவைக் கேட்டுவிட்டு வாயடைத்துப் போனாள். டாக்டர்களே நல்லா இருக்குன்னு சொல்றப்போ நான் யாரு என்று சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

*

டிரைவரின் நாளில் அவருக்கு ரொம்பப் பிடித்தது மதியம்தான்.

வேனை மரத்தடியில் ஒதுக்குவார். தோட்டத்துப் பக்கமிருந்து மருந்துப் புகை மிதந்து வரும் என்பதால் கண்ணாடிகளைக் கவனமாக ஏற்றிவிடுவார். அவரும் ஒன்றும் அசட்டு ஆள் இல்லை. காலை வேலை முடித்த ஆட்கள் நனைந்த மேலங்கிகளைக் கழற்றிச் சாக்கில் திணித்து வேனில் போட்டுவிட்டு, வேறு மேலங்கி மாட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சாக்கு மூட்டை அவருக்காகவே செய்த தலையணை மாதிரி இருக்கும். மெத்தென்று, லேசாகக் குளிர்ச்சியாக. பின் சீட்டில் நீட்டிப் படுத்து, மூட்டையில் தலையைப் புதைத்தாரானால் உலகம் மறந்துபோகும். காலடியில் மருந்துக் கேன்கள் இருக்கும். முன்பெல்லாம் கேன்களுக்கென்று தனி வண்டி இருந்தது. இந்த வருஷம் அதை விற்றுவிட்ட பிறகு கேன்களும் ஆட்களும் இந்த வேனில்தான்.

"ராஜ வாழ்க்கை அண்ணே உங்களுக்கு" என்பான் ரேடியோ. "நாங்க வேர்த்து நனைஞ்ச துணி உங்களுக்குப் பஞ்சு மெத்தை."

"உனக்குப் பொறாமைடா. குழாய் புடிக்கிறவனுக்குத் தூக்கம் எங்கே வரும்?"

மதியத் தூக்கம் அத்தனை சுகம். எழுந்திருக்கும்போதுதான் தலை கொஞ்சம் கனக்கும். வாயோரம் ஒழுகியிருக்கும். நல்ல தூக்கம் என்றால் ஒழுகத்தானே செய்யும். வயிற்றைப் பிசையும், தங்கை காரத்தை அள்ளிப் போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். கை நடுங்கும்; வேன் பழசு, ஸ்டியரிங் அதிர்கிறது, அதனால்தான்.

ஒன்று மட்டும் அவருக்குப் புரியவே இல்லை. இந்த வருஷம் சாயங்காலம் சீக்கிரம் இருட்டிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைப் போட்டார். வாசலில் துணி தைத்துக்கொண்டிருந்த தங்கை தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குண்ணா பகல்ல லைட்டு? நான் இன்னும் ஊசியில நூல் கோத்துக்கிட்டிருக்கேன்."

"உனக்குப் பூனைக் கண்ணு."

"உனக்குக் கிழவன் கண்ணு. கண்ணாடி போடுன்னா கேட்டாத்தானே? கண்ணாடி போட்டா பொண்ணு கிடைக்காதுன்னு பயமா?"

"கண்ணாடி இல்லாமலே எவளும் வரலியே" என்றார். தங்கை சிரித்துக்கொண்டே மிஷினை மிதித்தாள். கல்யாணம் ஆகாத அண்ணனை முன்னறையில் வைத்துச் சோறு போடுகிறவள் அவள். அவள் முகம் சிரித்தபடி இருந்தால் போதும், டிரைவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

*

அடுத்த வாரம் நர்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கூடவே சூப்பர்வைசர், கடுகடுவென்ற முகத்தோடு. ரத்தம் எடுத்துக்கொண்டு போன நர்ஸ் முடிவைச் சொல்ல நேரில் வந்து யாரும் பார்த்ததில்லை.

"இரும்பு யாரு? இங்கே வாங்க."

குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவன் திரும்பி வந்தான். நர்ஸ் அவனைக் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் உட்கார வைத்தாள். கண்ணில் டார்ச் அடித்தாள். தன் விரல்களைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். அவன் அழுத்திய அழுத்தில் அவளுக்கு வலித்திருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டாள். அவள் முகத்தில் குழப்பம்.

"உங்க ரத்தம் ரொம்ப மோசமா இருக்கு. இவ்வளவு இறங்கின ஆளை நான் படுக்கையிலதான் பார்த்திருக்கேன். நீங்க எப்படி நின்னுக்கிட்டிருக்கீங்கன்னே எனக்குப் புரியல."

வேனின் பின்கதவைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரின் கை அப்படியே நின்றது.

"இன்னிக்கே வேலையை நிறுத்துங்க. களை பிடுங்கவும் கூடாது, தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில போய்க் காட்டுங்க. இந்த நிலைமையில இன்னொரு தடவை நல்லா மருந்து பட்டுச்சுன்னா மூச்சு நின்னுடும். பயமுறுத்தறதுக்காகச் சொல்லல."

"கேட்டுக்கிட்டியா? வீட்டுல போய்ப் படு" என்றார் சூப்பர்வைசர். "ஏற்கெனவே ஆள் பத்தல. இதுல இது வேற."

நர்ஸின் வண்டி போனதும் இரும்பு நேராக வேனுக்கு வந்தான். கதவை இழுத்துச் சாத்தினான். முதலில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்ன மச்சான், பச்சைப் புள்ளை ரத்தம்னு சொன்னே?"

"லேப்ல ஏதோ தப்பு. குழாயை மாத்தியிருப்பாங்க."

"மச்சான், அது உன் ரத்தம்."

"நான் எங்கேடா மருந்து அடிக்கிறேன்? வண்டி ஓட்டுறவனுக்கு எங்கேருந்துடா மருந்து ஏறும்?"

இரும்பு பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். சாக்கு மூட்டை அங்கே இருந்தது. நடுவில் தலை வைத்துப் படுத்த குழி அப்படியே தெரிந்தது. அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எட்டி, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற கண்ணாடியை டிரைவர் முகத்துக்கு நேராகத் திருப்பினான்.

"உன் கண்ணைப் பாரு."

டிரைவர் பார்த்தார். கண்ணின் நடுவில் இருக்க வேண்டிய கறுப்பு வட்டத்தைக் காணோம். பேனா முனையால் தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி மட்டும் இருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் இத்தனை நாளும் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாரா? கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்தார். கை நடுங்கியது. வண்டி ஓடவில்லை, எஞ்சின் அணைந்திருந்தது.

"வா, நர்ஸைத் தேடிப் போய்ச் சொல்லிடலாம்" என்றான் இரும்பு.

"உட்காருடா."

"மச்சான்..."

"உட்காருன்னு சொல்றேன்ல. சொன்னா என்ன ஆகும்? ஏமாத்தினதுக்கு ரெண்டு பேரையும் வெளியே தள்ளுவான். நம்மளை மாதிரி ஆள் மாத்தினவன் எத்தனை பேர் இருக்கான், அவன் வீட்டு அடுப்பும் அணையும். இல்லேன்னா, உனக்கு ஒண்ணும் இல்லைன்னு மறுபடி உன்னைக் குழாயைப் பிடிக்கச் சொல்லுவான். இப்ப என் ரத்தத்தால உனக்கு ஒரு ஓய்வு கிடைச்சிருக்கு. அவ எத்தனை நாளா அழுதா இதுக்கு."

"உனக்கு?"

"இந்தச் சுத்து மருந்து அடிச்சு முடியட்டும். பாதியில லீவு போட்டா சூப்பர்வைசர் வேற டிரைவரைப் போட்டுடுவான். வீட்டுல ரெண்டு ஆம்பளையும் சும்மா உட்கார்ந்தா அவ மிஷின் மட்டும் எத்தனை பேருக்குச் சோறு போடும்? முடிஞ்சதும் நானே ஆஸ்பத்திரிக்குப் போறேன். மூட்டையைத் தூரப் போட்டுடறேன். கண்ணாடியை இறக்கி வெச்சுக்கறேன். சரியாப் போயிடும்."

"நான் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டேன்."

"இருப்பே. என் தங்கச்சி மேல சத்தியம் பண்ணு."

இரும்பு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கன்னம் துடித்தது. பிறகு சத்தியம் செய்தான்.

*

வீட்டில் அன்றைக்குத் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புருஷன் உடம்பு கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்டு அழுதாள். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டு அழுகையை நிறுத்தினாள்.

"அப்பாடா. இனிமே குழாயும் வேண்டாம், கூலியும் வேண்டாம். கஞ்சியைக் குடிச்சுக்கிட்டுக் கிடப்போம்."

அன்றிலிருந்து இரும்புக்கு ராஜ உபசாரம். சுடச்சுடப் பால். பழம் நறுக்கித் தட்டில். எழுந்து நடந்தால் திட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வா என்று அவள் கூப்பிடும்போதெல்லாம், ஓய்வு எடுத்தாலே போதும் என்று அவன் தள்ளிப்போட்டான். இரும்பு பாலை வாயில் வைத்துக்கொண்டு முழுங்க முடியாமல் மச்சானைப் பார்ப்பான். டிரைவர் எதிர்ச் சுவரைப் பார்ப்பார். தன் ரத்தத்துக்குக் கிடைக்கிற பால் இன்னொருத்தன் தொண்டையில் இறங்குவதைப் பார்க்க அவருக்கே ஒரு மாதிரி வேடிக்கையாகத்தான் இருந்தது.

"உன் அண்ணனுக்கும் கொஞ்சம் குடு" என்றான் இரும்பு ஒருநாள்.

"அவருக்கு எதுக்கு? கல்லைத் தின்னாலும் செரிக்கும் உடம்பு. வேன்ல தூங்கறதுதான் அவர் வேலையே. ஏண்ணா?"

"ஆமா" என்றார் டிரைவர்.

ஆனால் வேனில் இப்போது அவர் தூங்கவில்லை. மூட்டையைக் கடைசி மூலையில் தள்ளிவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வெளியே மரத்தின் வேரில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் தலைக்கனம் கொஞ்சம் குறைந்த மாதிரிகூட இருந்தது. சொன்னேன் பார்த்தியா என்று மனதுக்குள் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டார்.

அங்கேதான் கணக்கு தப்பியது. இரும்பு இல்லாததால் கேன் ஏற்ற ஆள் குறைந்தது. சுற்றின் கடைசி நாள் சூப்பர்வைசர் கண் அவர் மேல் விழுந்தது.

"மரத்தடியில என்ன தவமா? கேனை ஏத்து. ஸ்டியரிங் புடிக்கிற கை கேனைப் புடிச்சா தேய்ஞ்சுடாது."

"கையுறை இருந்தா..."

"இருக்கிற கையுறை அடிக்கிறவங்களுக்கே பத்தல. மூடி இறுக்கமாத்தான் இருக்கு, தூக்கு."

தூக்கினார். மூடி இறுக்கமாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு கேனின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. அவர் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். சட்டை நனைந்தது. வேனின் தரையிலும் வடிந்திருந்தது. ஆட்கள் வெறுங்காலோடு ஏறுவார்களே என்று நினைத்து, பழைய துணியை எடுத்து, மண்டி போட்டு, மூலை முடுக்கெல்லாம் கையாலேயே துடைத்து எடுத்தார். பிறகு குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டார். சட்டையை மாற்ற வேறு சட்டை இல்லை. வெயில் அடிக்கிறது, போட்டபடியே காய்ந்துவிடும்.

காய்ந்தும்விட்டது.

*

வீடு திரும்பும் வழியில் பாதிதான் வந்திருப்பார்கள்.

"ரேடியோ."

"என்ன அண்ணே?"

"எதுத்தாப்புல வர்றவன் எவனும் ஏன் லைட்டே போட மாட்டேங்கிறான்?"

முன்சீட்டில் இருந்த ரேடியோ சிரித்தான். "வெயில் மூஞ்சியில அடிக்குது. லைட் எதுக்கு?" என்றவன், திரும்பிப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். டிரைவரின் முகத்திலிருந்து வேர்வை குடம் சாய்த்த மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து எச்சில் கம்பியாக இறங்கி நெஞ்சில் விழுந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க. அண்ணே."

சாலை ஒரு சின்ன ஓட்டை வழியாகத் தெரிகிற மாதிரி சுருங்கிக்கொண்டே போனது. பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். அது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். கால் சொன்னதைக் கேட்கவில்லை. தொடையைக் கையால் பிடித்து பிரேக் மேல் அழுத்தினார். வேன் குலுங்கி, ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியைக் கழற்றி ரேடியோ கையில் கொடுத்தார். அப்புறம் அவர் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள்.

*

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவருக்குக் காது மட்டும் நன்றாகக் கேட்டது. கை, கால், நாக்கு எதுவும் அவருடையதாக இல்லை. உதட்டை அசைக்கப் பார்த்தார். தசைகள் தோலுக்கடியில் புழு ஊர்வது போல் நெளிந்தனவே தவிர, வார்த்தை வரவில்லை.

"என்ன வேலை செய்யறார்?" இளம் டாக்டரின் குரல்.

"டிரைவர் சார்." இது சூப்பர்வைசர். எப்போது வந்தாரோ. "மருந்தைக் கையால தொட்டதே கிடையாது. பழைய மூச்சு இளைப்பு நோயா இருக்கும்னு நினைக்கிறேன்."

"கூட வந்தவங்க யாரு? இன்னிக்கு ஏதாவது மருந்து பட்டுச்சா?"

டிரைவர் காத்திருந்தார். சொல்லுடா ரேடியோ. கேன் தூக்கினதைச் சொல்லு. நீ பார்த்தே. ஊர்க்கதை எல்லாம் பேசுறியே, இதைப் பேசு.

"தெரியல சார்" என்றான் ரேடியோ. அந்தக் குரல் அவன் குரல் மாதிரியே இல்லை. சூப்பர்வைசரின் செருப்பு தரையில் லேசாக உரசியது.

வெளியிலிருந்து இன்னொரு செருப்புச் சத்தம் ஓடி வந்தது. நெற்றியில் ஒரு கை விழுந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன விரல்கள். தங்கை.

"அண்ணா. அண்ணா, என்னைப் பாரு."

"இவருக்கு முன்னாடி ஏதாவது நோய் இருந்துச்சாம்மா? மருந்து வேலை செய்யற இடமாச்சே, அந்த மாதிரி ஏதாவது?"

"இல்ல டாக்டர். அது என் வீட்டுக்காரருக்குத்தான். அவர் ரத்தத்துலதான் மருந்து ஏறிடுச்சுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அண்ணனுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல. நல்ல உடம்பு. அண்ணன் மருந்துப் பக்கமே போக மாட்டார்."

அவள் குரலில் அத்தனை நம்பிக்கை. தன் பேரை யாராவது கேட்டால்கூட இத்தனை நிச்சயமாகச் சொல்வாளா தெரியாது.

"அப்போ இளைப்புக்கே வைத்தியத்தை ஆரம்பிப்போம்" என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை இங்கே இருக்கிறானா? இருக்கிறான். கட்டிலின் கால்மாட்டுக் கம்பி கிடுகிடுவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை நடுங்குகிறது. அந்த நடுக்கம் அவருக்குத் தெரியும். தங்கச்சி மேல சத்தியம் பண்ணு என்று சொன்ன வாய் தன்னுடையதுதான் என்பதும் ஞாபகம் வந்தது. அந்த வாயால் இப்போது, சத்தியத்தை விட்டுடுடா என்று சொல்ல முடியவில்லை.

மூச்சு ஈரத் துணி வழியாக வருகிற மாதிரி வந்தது. அடுத்தது வருமா என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"டாக்டர்" என்றான் இரும்பு.

"சொல்லுங்க."

"நீ வெளியே வா, நான் பேசறேன்" என்றார் சூப்பர்வைசர்.

கம்பி அதிர்வது நின்றது.

"அந்த ரத்தம் என்னோடது இல்ல டாக்டர். இவரோடது. என் பேட்ஜைப் போட்டுக்கிட்டு இவர்தான் எப்பவும் ரத்தம் குடுப்பார். இவர் கண்ணைப் பாருங்க. சட்டையை மோந்து பாருங்க."

நெற்றியில் தடவிக்கொண்டிருந்த தங்கையின் விரல்கள் அப்படியே நின்றன. விலகவில்லை. ஆனால் அசையவும் இல்லை.

இமையை யாரோ விரித்தார்கள். "டார்ச். சீக்கிரம்." பிறகு டாக்டரின் குரல் வேறு மாதிரி ஆனது. "அந்தச் சட்டையை வெட்டி எடுங்க. உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. யாரும் வெறுங்கையால தொடாதீங்க. அம்மா, நீங்களும் கையை எடுங்க."

தங்கை கையை எடுக்கவில்லை. யாரோ வந்து எடுத்துவிட்டார்கள்.

*

டிரைவர் பிழைத்துக்கொண்டார். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் கால் விழ ஆரம்பித்தது. பாதம் தூக்க வரவில்லை, தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. கைவிரல்கள் டம்ளரைப் பிடித்தால் டம்ளர் தாளம் போட்டது. நரம்பு பழையபடி ஆகுமா என்று கேட்டதற்கு டாக்டர், பார்க்கலாம் என்றார். அவர் அதைச் சொல்லும்போது வேறு எங்கேயோ பார்த்தார்.

இரும்பின் சொந்தக் கையிலிருந்து முதல்முறையாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் நல்லபடியாக வரவில்லை. மச்சானுடையதைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். தோட்டத்தில் இரண்டு பேருக்கும் இடமில்லை என்று ஆகிவிட்டது. ஆள் மாற்றி ஏமாற்றினார்கள் என்று காரணம் சொன்னார்கள். கேனின் விரிசலைப் பற்றி யாரும் பேசவில்லை. கொட்டகையில் இப்போது ரத்தம் எடுக்கும்போது முகமூடியைக் கழற்றச் சொல்கிறார்களாம். ரேடியோ ஒருநாள் பழங்களோடு வந்து, வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டான்.

தங்கை இரண்டு பேரிடமும் வெகுநாள் பேசவில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள், மிஷினில் போய் உட்காருவாள். ஒருநாள் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"ரத்தம் நல்லா இருக்குன்னு சொன்னப்போ எல்லாம் நான் நிம்மதியாத் தூங்கினேண்ணா."

அவள் கால் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தது. துணி இல்லாமலே ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நடக்கப் பழக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தடியை ஊன்றிக்கொண்டு தினமும் கொஞ்ச தூரம் போய் வருவார். ஒருநாள் கொஞ்சம் அதிகமாகவே நடந்துவிட்டார். தோட்டத்து வேலியை ஒட்டி, அதே மரத்தடியில், அதே வேன் நின்றது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புகை மரங்களுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது.

பின்சீட்டுக் கண்ணாடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து அவர் வேன்வரை போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. எட்டிப் பார்த்தார். முப்பதைத் தாண்டாத ஓர் ஆள். சட்டை மடிப்புக் கலையாமல் சுத்தமாக இருந்தது. சாக்கு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். வாயோரத்திலிருந்து சாக்கு வரைக்கும் ஈரம்.

டிரைவர் தடியால் கண்ணாடியைத் தட்டினார். அவன் அசையவில்லை. மறுபடி தட்டினார். கண்ணாடி உடைந்துவிடும் போலத் தட்டினார்.

அவன் திடுக்கிட்டு எழுந்து கண்ணாடியை இறக்கினான். உள்ளே அடைந்து கிடந்த வாடை டிரைவரின் முகத்தில் அடித்தது.

"கீழே இறங்குப்பா" என்றார். "முதல்ல கீழே இறங்கு."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரையும், அவருக்குப் பின்னால் கண் கூசும்படி காய்ந்துகொண்டிருந்த மதிய வெயிலையும் பார்த்தான்.

"என்ன அண்ணே, அதுக்குள்ள இருட்டிடுச்சா?"